மலையே மூலவர், நீரே அபிஷேகம்: ஆசியக் கண்டத்துத் திருமலைகளைத் தேடி

கும்பாபிஷேகப் பெருவிழாவில் விமானத்தின் உச்சியில் விளங்கும் கலசத்துக்குச் சிவாச்சாரியார்கள் புனித நீர் வார்க்கும் அந்த ஒரு கணத்துக்காகப் பக்தப் பெருமக்கள் பல மணி நேரம் வெயிலில் காத்து நிற்கின்றனர். விமானத்தின் மேற்பகுதிக்குச் சிற்ப நூலோர் வைத்த பெயர் சிகரம். மலை உச்சிக்கும் அதே பெயர்தான். மலையின் முடியில் மழை பொழிந்து அருவியாய் இறங்கி ஊரை வாழவைப்பதைக் கண்ட மனிதன், அதே காட்சியைத் தன் ஊரில் கல்லாலும் சுதையாலும் கட்டி எழுப்பியதே ஆலயம் என்று கூறினால் அது மிகையாகாது.

ஆகவே, ஆலயத்தைத் தேடி யாத்திரை செல்வோர் அதற்கு மூலமான மலையையும் நீரையும் ஒருமுறையேனும் கண்டு வருதல் வேண்டும். திருவண்ணாமலையில் மலையே இலிங்கமாய் நிற்க, அன்பர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவதை யாவரும் அறிவர். அத்தகைய மலைகள் தமிழகத்தோடு முடிந்துவிடவில்லை. இமயத்திலும், லாவோஸ் நாட்டிலும், கம்போடியா, வியட்நாம், ஜாவா, பாலி ஆகிய இடங்களிலும், ஏன், நம் கெடா மாநிலத்திலும் அவை உள்ளன. அவற்றுட் சிலவற்றில் இன்றும் தீபம் எரிகிறது. சிலவற்றில் வேறு சமயத்தார் விளக்கேற்றுகின்றனர். சிலவற்றில் கல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கல்லும் மிஞ்சாமற் போன இடமும் ஒன்றுண்டு. அது நமக்கு மிக அருகில் இருந்தது.

கோயில் இல்லாத கயிலை

திருக்கயிலாய மலையில் கோபுரமும் இல்லை, கொடிமரமும் இல்லை. 6,638 மீட்டர் உயரமுள்ள அந்தப் பனிமலையே மூலவர். இந்துக்களுடன் பௌத்தரும் சமணரும் திபெத்தின் தொன்மையான பொன் சமயத்தாரும் அதனை வலம் வருகின்றனர். மலை உச்சியை எவரும் மிதித்ததாக வரலாறு இல்லை. மிதிக்கக் கூடாது என்பதே அங்குள்ள மரபு.

காரைக்கால் அம்மையார் அம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்ற வரலாற்றையும், அப்பர் பெருமான் உடல் தேய்ந்தும் திரும்ப மறுத்து உருண்டு சென்ற வரலாற்றையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கிய அப்பர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்பதில் மலையும் நீரும் ஒருங்கே அமைந்திருப்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

மலையைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர். அதில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. மானசரோவர் ஏரியே 4,500 மீட்டருக்கு மேலுள்ளது. இந்திய யாத்திரிகர்களுக்கு 2020 முதல் நின்றிருந்த பயணம் 2025 ஜூன் திங்களில் மீண்டும் தொடங்கியது. இங்கிருந்து செல்லும் குழுவினர் பெரும்பாலும் காத்மண்டு வழியாகவே செல்கின்றனர். பாக்மதி ஆற்றங்கரையில் அமைந்த பசுபதிநாதரையும் அவ்வழியில் தரிசிக்கலாம். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் காத்மண்டுவின் பழம்பெரும் கட்டடங்கள் பல சரிந்து விழுந்தபோதும் பசுபதிநாதர் மூலக்கோயில் நிலைத்து நின்றது.

கயிலை யாத்திரையில் ஒன்றை மட்டும் வலியுறுத்தியாக வேண்டும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோர் மருத்துவரைக் கேளாமல், பக்தி காப்பாற்றும் என்ற துணிவில் புறப்படுவது முறையன்று. உயரமான இடங்களில் உடல் பழகுவதற்கு நாள் ஒதுக்காத பயணத் திட்டம் எவ்வளவு மலிவாயினும் தள்ளத்தக்கதே.

இலிங்க பர்வதமும் ஓயாத அபிஷேகமும்

கயிலைக்குச் செல்ல இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. லாவோஸ் நாட்டின் தென்பகுதியில் மீகோங் ஆற்றின் அருகே சம்பாசாக் என்னும் ஊர் உள்ளது. அங்கே பூ காவ் என்று அழைக்கப்படும் மலையொன்று, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் உச்சியில் இயற்கையாகவே இலிங்க வடிவில் ஒரு பாறைத்தூண் எழுந்து நிற்கும். பண்டைய மக்கள் அம்மலைக்கு இட்ட பெயர் இலிங்க பர்வதம். கெமர் மன்னர்கள் அங்கோர் நகரை எழுப்புவதற்கு முன்பே வழிபடப்பட்ட இடம் இது.

மலையடிவாரத்தில் உள்ள வாட் பூ ஆலயத்தின் அமைப்பு காண்போர் வியக்கத்தக்கது. கீழே பெரிய திருக்குளங்கள். அங்கிருந்து இருபுறமும் இலிங்க வடிவக் கற்கள் நாட்டப்பட்ட நடைபாதை மேற்கு நோக்கிச் செல்கிறது. பின்னர் செங்குத்தான படிகள், அவற்றின் ஓரத்தில் சம்பங்கி என்று நம்மவர் தவறாகவும் அழைப்பதுண்டான, லாவோஸ் மக்கள் தங்கள் நாட்டு மலராகக் கொண்ட ஈழச்சம்பகம் என்னும் மரங்கள். படிகளின் முடிவில் மணற்கல்லால் ஆன கருவறை. அதன் பின்புறம் நெடிய பாறைச் சுவர்; அப்பாறையின் அடியில் ஊற்றுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

இந்த ஊற்று எதற்காக என்பதை அறிந்தால்தான் ஆலயத்தின் பெருமை விளங்கும். பாறையிலிருந்து வரும் நீரைக் கல்லால் ஆன கால்வாய் வழியே கருவறைக்குள் செலுத்தி, இலிங்கத் திருமேனியின் மீது விழுமாறு அன்றைய சிற்பிகள் அமைத்திருந்தனர். குடமும் இல்லை, குருக்களின் கையும் இல்லை. மலை தானே இரவும் பகலும் இறைவனுக்கு அபிஷேகம் செய்தது. நம் கோயில்களில் கோடை நாளில் இலிங்கத்தின் மேல் தாராபாத்திரம் கட்டித் துளித்துளியாய் நீர் விழச் செய்வதை நினைவுகூர்ந்தால் இதன் பொருள் எளிதில் புலப்படும்.

இன்று அக்கருவறையில் புத்தர் திருவுருவங்கள் உள்ளன. ஊரார் பௌத்தர்கள். எனினும் அவர்கள் ஊற்றின் நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் நின்றபாடில்லை. கருவறைக்குப் பின்னுள்ள பாறையில் சிவபெருமான் நடுவிலும் பிரமனும் திருமாலும் இருமருங்கிலும் நிற்கும் புடைப்புச் சிற்பம் இன்றும் காணக்கிடைக்கிறது. பலர் படியேறிய களைப்பில் அதனைக் காணாமலே இறங்கிவிடுகின்றனர் என்பது வருந்தத்தக்கது. 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாக்சே நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அடையலாம். ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரித் திங்களில் வரும் முழுநிலா நாளையொட்டி அங்கே பெருவிழா நடைபெறுகிறது.

ஆற்றுக்குள் ஆயிரம் இலிங்கம்

கம்போடியா என்றவுடன் அங்கோர் வாட் ஆலயமே நினைவுக்கு வரும். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அப்பேராலயத்தைப் பற்றி இம்மாதிரி மலர்களில் பலமுறை எழுதப்பட்டுள்ளமையால் இங்கு விரிக்க வேண்டுவதில்லை. அதன் ஐந்து கோபுரங்களும் மேரு மலையின் சிகரங்கள், சூழ்ந்த அகழி பாற்கடல் என்ற கருத்தை மட்டும் மனத்திற்கொண்டு, மேலை வாயிலில் நிற்கும் திருமாலின் திருவுருவத்தைத் தவறாது வணங்குக. உள்ளூர் மக்கள் தங்கள் காவல் தெய்வமாகக் கருதி அவருக்குத் துணி சாத்தி, ஊதுவத்தி ஏற்றுவதை அங்கு காணலாம்.

பெரும்பாலான பயணக் குழுவினர் காணாமற் போவது கபால் ஸ்பியான். சியெம் ரீப் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், குலன் மலைத் தொடரில் உள்ள காட்டாறு அது. ஆற்றின் படுகைப் பாறையிலேயே நூற்றுக்கணக்கான இலிங்கங்களை வரிசை வரிசையாகச் செதுக்கியுள்ளனர். 11ஆம் நூற்றாண்டுப் பணி என்பர். அனந்தசயனத் திருமாலும் அங்கே பாறையில் பள்ளிகொண்டுள்ளார். ஆறு இவ்விலிங்கங்களின் மேல் தவழ்ந்து, தீர்த்தமாகிப் பின் அங்கோர் சமவெளியை நோக்கி இறங்குகிறது. கீழே வயலில் நாற்று நட்ட உழவனுக்குப் பாய்ந்த நீர் ஆயிரம் இலிங்கங்களுக்கு அபிஷேகமான நீர் என்பதே மன்னர்களின் எண்ணம். அக்குலன் மலையிலேதான் 802ஆம் ஆண்டு இரண்டாம் ஜெயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாக முடிசூட்டிக்கொண்டான். அன்று அம்மலையின் பெயர் மகேந்திர பர்வதம்.

வாகனம் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் காட்டுப் பாதையில் மேலேற வேண்டும். கடும் மழைக்காலத்தில் ஆறு பெருகிச் சிற்பங்களை மறைத்துவிடும்; கோடையில் அருவி வற்றிவிடும். மழை ஓய்ந்த சில வாரங்களே உகந்த காலம். செல்லும் வழியிலேயே, 967ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட பந்தியாய் ஸ்ரீ என்னும் செந்நிறச் சிவாலயத்தையும் தரிசித்துவிடலாம்.

தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலை முகட்டில் பிரியா விஹார் சிவாலயம் உள்ளது. அங்கு எழுந்தருளியிருந்த இறைவனின் திருநாமம் சிகரேசுவரர், அதாவது மலை முடிக்கு உரியவர். 1962ஆம் ஆண்டு அனைத்துலக நீதிமன்றம் அதனைக் கம்போடியாவுக்கு உரியதெனத் தீர்ப்பளித்தும் பூசல் ஓயவில்லை. 2025ஆம் ஆண்டு இரு நாட்டுப் படைகளும் எல்லையில் மோதிக்கொண்டன. நிலவரம் தெளிவாகத் தெரியாமல் அப்பக்கம் செல்லுதல் ஆகாது.

குண்டு விழுந்த கருவறையும் திறக்கப்படும் கதவும்

மத்திய வியட்நாமில், மலைகள் வட்டமாய்ச் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மீ சோன் ஆலயத் தொகுதி உள்ளது. 4ஆம் நூற்றாண்டில் சம்பா நாட்டு மன்னன் பத்ரவர்மன் அங்கே சிவாலயம் எழுப்பி, இறைவனுக்குப் பத்ரேசுவரர் என்று தன் பெயரையே சார்த்தினான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசேச்சரம் என்று பெயர் வழங்கியதை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. அப்பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கும் கூர்மையான மலையை அம்மக்கள் சிவனது மலையாகவே போற்றினர்.

செங்கல்லால் ஆன எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அங்கு இருந்தன. போர்க்காலத்தில், 1969 ஆகஸ்டு திங்களில், அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளால் அத்தொகுதியின் தலைசிறந்த கோபுரம் தரைமட்டமாயிற்று. குண்டு விழுந்த பள்ளங்கள் புல் மூடிய நிலையில் இன்றும் உள்ளன. போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் காசிமியர்ஸ் குவியாட்கோவ்ஸ்கி பின்னாளில் அங்கு தங்கிப் பாதுகாப்புப் பணியில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். இந்தியத் தொல்லியல் துறையினரும் அண்மை ஆண்டுகளில் சீரமைப்பில் ஈடுபட்டனர். அப்பணியின்போது 2020ஆம் ஆண்டு ஒரே கல்லாலான 9ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. நூற்றாண்டுகள் பல கடந்தும் பின்னமடையாத அந்த இலிங்கத்தின் படத்தைக் கண்டு கண்ணீர் மல்கிய அன்பர்கள் உண்டு.

மீ சோன் சென்று உடைந்த செங்கல்லைக் கண்டு பெருமூச்சுடன் திரும்புவோர், சம்பா மக்களின் வழிபாடு அழிந்தேவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது. தெற்கே பான் ராங் பகுதியில் வாழும் சாம் இன மக்களில் ஒரு பிரிவினர் இன்றும் பழைய சைவ மரபின் வழிவந்த சமயத்தையே பின்பற்றுகின்றனர். அங்கே ஒரு குன்றின் மேல் போ குளோங் கராய் ஆலயம் உள்ளது. கருவறையில் இருப்பது முகலிங்கம். இலிங்கத்தின் முன்புறத்தில் மன்னரின் திருமுகம் செதுக்கப்பட்டிருக்கும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ கேட் என்னும் திருவிழா வரும். இறைவனுக்குரிய பட்டாடைகளைச் சாம் மக்கள் தங்களிடம் வைத்துக்கொள்வதில்லை. மலையில் வாழும் ராக்லாய் என்ற பழங்குடி மக்களே அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து, விழாவன்று கீழே கொண்டுவந்து சேர்க்கின்றனர். ஆடைகள் வந்து சேர்ந்த பின்னரே அர்ச்சகர் கோயில் கதவைத் திறக்கிறார். பின்னர் முகலிங்கத்துக்கு நீராட்டு. அதன்பின் ஆடை சாத்துதல். அதன்பின் படையலும் இசையும். அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம் என்று நம் கோயில்களில் நாள்தோறும் நடைபெறும் அதே வரிசை! மொழி வேறு, மந்திரம் வேறு, முறை மாறவில்லை. நாட்டை இழந்து, மன்னரை இழந்து, நூற்றாண்டுகள் கடந்த பின்னும் ஒரு சிறு சமூகம் கதவைத் திறந்து நீராட்டும் வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறது. விமானச் சீட்டுக்குப் பணம் செலவிட எண்ணும் ஆலயக் குழுக்கள் இவ்விழாவைக் காணும்படி நாளைக் குறிக்கலாம்.

எரிமலையின் அடியில்

ஜாவா தீவில் ஊரெல்லாம் எரிமலை. மெராப்பி மலையின் தெற்கே 47 மீட்டர் உயரத்தில் நிற்கும் பிரம்பானான் சிவாலயம் 9ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அதன் வடபுற அறையில் துர்க்கை, மேற்கே விநாயகர், தெற்கே அகத்திய முனிவர். நம் சிவாலயங்களிலும் வடபுறக் கோட்டத்தில் துர்க்கை இருப்பதையும், தெற்கு என்றால் அகத்தியர் என்பதையும் நினைத்துக்கொண்டு வலம் வருவோர்க்கு அங்கே அந்நியமாய் எதுவும் தோன்றாது. 2006 மே திங்கள் நிலநடுக்கத்தில் சேதமுற்ற கோபுரங்கள் சீர்செய்யப்பட்டன. நெடுங்காலம் காட்சிப் பொருளாகவே இருந்த ஆலயத்தைச் சமய வழிபாட்டுக்கும் பயன்படுத்த 2022ஆம் ஆண்டு உடன்பாடு காணப்பட்டது இந்தோனேசிய இந்துக்களுக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

கிழக்கு ஜாவாவின் புரோமோ எரிமலையில் தெங்கர் இன இந்துக்கள் கசாடா விழாவன்று காய்கறி, நெல், கோழி முதலியவற்றைச் சுமந்து சென்று எரிமலையின் வாய்க்குள்ளேயே காணிக்கையாக இடுகின்றனர். அவர்களுக்கு அது உண்டியல்.

பாலியின் அகுங் மலை 3,000 மீட்டரைக் கடந்தது. மகாமேருவின் ஒரு பகுதியே அது என்பது அம்மக்களின் நம்பிக்கை. வீட்டில் படுக்கும்போதும் தலை மலைப்பக்கம் இருக்க வேண்டும் என்பர். அம்மலைச் சரிவில் பெசாகி என்னும் தாய்க்கோயில் அடுக்கடுக்காய் அமைந்துள்ளது. நூறாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஏகாதச ருத்ர வேள்வி 1963ஆம் ஆண்டு அங்கே நடந்துகொண்டிருந்தபோதே மலை விழித்துக்கொண்டது. பிப்ரவரியில் புகை எழுந்தது; மார்ச் 17ஆம் நாள் பெருவெடிப்பு. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எரிகுழம்பு பெசாகிக்கு மிக அருகே பாய்ந்து கடந்தும் கோயில் தப்பியது. சாம்பல் மழைக்கு நடுவிலும் அர்ச்சகர்கள் சடங்கை நிறுத்தவில்லை. நாள் பிழையாயிற்று என்றும், தெய்வக் குற்றம் என்றும் பலவாறு பேசிக்கொண்ட அம்மக்கள், 1979ஆம் ஆண்டு அவ்வேள்வியை மீண்டும் முழுமையாக நிறைவேற்றிய பின்னரே மனம் ஆறினர். திருப்பணி தடைப்பட்ட கோயில்களின் பொறுப்பாளர்களுக்கு அம்மனநிலை நன்கு விளங்கும்.

பாலி செல்வோர் 962ஆம் ஆண்டு முதல் வழிபாட்டில் உள்ள தீர்த்த எம்புல் ஊற்றிலும் நீராடலாம். அங்கே அது நீச்சல் குளம் அன்று; இடுப்பில் துணி கட்டி, முதலில் வணங்கி, வரிசையில் நின்று ஒவ்வொரு நீர்த்தாரையாகத் தலைவணங்கிச் செல்லுதல் வேண்டும். படம் எடுப்பதற்காக வரிசையைக் குலைப்போரைக் கண்டு அவ்வூர் மக்கள் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் அவர்கள் வருந்தவில்லை என்று கொள்ளலாகாது.

நம் வாசலில் உள்ள மலை

இத்தனை தொலைவு செல்ல ஆயத்தமாகும் நம் மலேசிய அன்பர்களில் எத்தனை பேர் ஜெராய் மலையடிவாரத்தைக் கண்டிருப்பர்? கெடாவின் கடற்கரையை ஒட்டி 1,217 மீட்டர் உயரத்தில் நிற்கும் அம்மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு அடையாளமாய் விளங்கியது. 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இப்பகுதியே என்பது வரலாற்று அறிஞர் பலரின் கொள்கை. மலையின் தெற்கே பூஜாங் பள்ளத்தாக்கில் இந்து, பௌத்தக் கோயில்களின் அடித்தளங்கள் பல அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் சிறந்தது புக்கிட் பத்து பகாட் சண்டி. கருவறைத் தளமும், மரத்தூண்கள் நின்ற கல் ஆதாரங்களுடன் கூடிய மண்டபத் தளமும் அங்கே தெளிவாய்த் தெரியும். அடித்தளத்தினுள் வைக்கப்பட்டிருந்த கற்பேழைகளும் கிடைத்தன. இன்று நம் கோயில்களில் கருங்கல் பீடத்தின் அடியில் பொன்னும் மணியும் வைத்து மருந்து சாத்துவதை அறிந்தவர்களுக்கு அப்பேழைகள் எதற்கென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1960ஆம் ஆண்டு இச்சண்டி சீரமைக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் ஓடை அதன் அருகிலேயே சலசலத்து ஓடுகிறது. இங்கும் மலை, இங்கும் நீர்.

அதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்று பதிவு பெற்றிருந்த ஆலயத் தளம் ஒன்று, தனியார் நிலத்தில் வீடமைப்புப் பணிக்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்து நாடு முழுவதும் அதிர்ச்சியை உண்டாக்கியது. ஆயிரம் ஆண்டு மழையையும் வெள்ளத்தையும் தாங்கிய செங்கல், மண்வாரி இயந்திரத்தைத் தாங்கவில்லை. சட்டப்படி அவ்விடம் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்யப்படாமலிருந்தது. பேரணி, அறிக்கை, கண்டனம் எல்லாம் பின்னர் வந்தன. அதற்கு முன் அவ்விடத்தைத் தேடிச் சென்று வணங்கிய நம்மவர் மிகச் சிலரே. யாரும் வந்து போகாத இடத்தை வெற்றிடம் என்று பிறர் கருதுவதில் என்ன வியப்பு?

ஆதலின், பினாங்கில் தைப்பூசத்துக்கும் நவராத்திரிக்கும் வருவோர் பேருந்தை மெர்போக் பக்கம் ஒரு பகல் திருப்பலாம். அருங்காட்சியகத்தில் இலிங்க ஆவுடையார், விநாயகர் சிற்பம், கல்லாலான கோமுகை ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அங்குள்ள கற்களின் மீது திருநீறு, குங்குமம் இடுவதும், கற்பூரம் ஏற்றுவதும், எண்ணெய் ஊற்றுவதும் கூடாது. பக்திப் பெருக்கால் செய்வதேயாயினும் பழங்கல்லுக்கு அது கேடு, காவலர்களும் அனுமதிப்பதில்லை. கைகூப்பி நின்று ஒரு பதிகத்தை மெல்ல ஓதுவதை எவரும் தடுக்கப்போவதில்லை. காலை ஒன்பது மணி அளவில் சென்றடைவது நன்று. பிற்பகலானால் ஜெராயின் முடியை மேகம் மூடிவிடும். சண்டிப் படிக்கட்டுகளும் மழையில் வழுக்கும்.